உடன்நடை

திருச்செந்தூர்க் கடற்கரையில் பிலோமி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மதுரையில், கட்டிலில் படுத்திருந்த மரகதவல்லியின் உள்ளங்காலில் ஈரமணல் ஒட்டியது.

தனக்கு உள்ளங்கால் என்று ஒன்று இருப்பதையே மரகதவல்லி மறந்துபோயிருந்தாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவள். ஆடுகிற பெட்டிகளுக்குள் எதையும் பிடிக்காமல் நடந்து நடந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒரு மழைக்காலத்தில் கார் கவிழ்ந்து கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. அதன்பிறகு பேசலாம், சிரிக்கலாம், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம். கழுத்துக்குக் கீழே இருப்பது, கணவர் தயாளன் வேளாவேளைக்குத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கிற ஏதோ ஒரு பொருள்.

"அலை வருதுக்கா," என்றது காதுக்குள் பிலோமியின் குரல். "பயந்துராதீங்க."

அலை கணுக்காலைச் சுற்றி ஏறியது. சில்லென்றிருந்தது. திரும்பிப் போகும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போயிற்று. உடம்பு மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. மரகதவல்லி 'ஐயோ' என்று கத்திவிட்டாள்.

சமையலறையிலிருந்து தயாளன் கரண்டியோடு ஓடிவந்தார். "என்ன பண்ணுது? கழட்டிரவா?"

"தொடாதீங்க! காலுக்கடியில மணல் ஓடுது."

அவர் போர்வைக்கு வெளியே அசையாமல் கிடந்த பாதங்களைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டுவதைக் கவனிக்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சேவைக்கு உடன்நடை என்று பெயர். நடக்கிறவரின் பிடரியில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். படுத்திருப்பவரின் பிடரியில், காயத்துக்கு மேலே, அதேபோல இன்னொன்று. கடல் ஏறிவந்து பழைய கரையோரச் சாலையை விழுங்கியபிறகு அந்தப் பக்கம் வண்டி ஓடுவதில்லை. மிச்சமிருந்த கரையில் கன்னியாகுமரிவரை ஒரு நடைபாதை போட்டு, ஊருக்கு ஊர் தங்கும் விடுதி கட்டியிருந்தார்கள். தாங்களே நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். முடியாதவர்களுக்காக நடந்து கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். பெரியதாழையைச் சேர்ந்த பிலோமி அப்படி ஒருத்தி. இருபத்தெட்டு வயது. கணவன் சரக்குக் கப்பலில் வேலை. அவன் கிளம்பிப் போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

"கண்ணு வராதுக்கா," என்று அவள் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "வாசனை வராது, ருசி வராது. அதெல்லாம் தலைக்குள்ளயே முடிஞ்சுபோற சமாச்சாரமாம். முதுகெலும்பு வழியா மேல ஏறுறது மட்டுந்தான் உங்களுக்கு வரும். சூடு, குளிரு, பாரம், வலி. கண்ணுக்கு நான் இருக்கேன். பாக்கறத எல்லாம் சொல்லுதேன்."

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். பிலோமி சொன்னாள். இடது பக்கம் கடல், இப்போது பச்சை, தூரத்தில் கருநீலம். ஆலந்தலை வருகிறது, வெள்ளைக் கோயில் தெரிகிறது, வலை காயப் போட்டிருக்கிறார்கள், ஒரு நாய் கூடவே வருகிறது. சொல்லச் சொல்ல மூடிய கண்ணுக்குள் ஒரு கரை எழுந்தது. அது பிலோமி பார்த்த கரையாக இருக்க வாய்ப்பில்லை. அங்கே கோயில் தண்ணீருக்குள் நின்றது. வலைகள் காற்றில் உப்பிப் பறந்தன. ஆனால் நாயின் ஈரமூக்கு முழங்காலில் பட்டபோது அது உண்மையாகவே பட்டது. வெயில் தோளில் ஏறியதும், தொடை கனத்ததும், இடுப்பெலும்பு ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கியதும் உண்மை. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில், குலசேகரன்பட்டினம் தாண்டி, பனங்காட்டு ஓரமாக, அவள் நடந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் மணப்பாட்டு விடுதியில் பிலோமி பட்டையைக் கழற்றியதும் எல்லாம் அணைந்தது. மரகதவல்லி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் தயாளன்.

"கால் வலிக்குது," என்று சொல்லிச் சிரித்தாள். "வலிச்சது. நல்லா வலிச்சது."

மறுநாள் மணப்பாட்டு மேட்டிலிருந்து இறங்கி, கழிமுகத்தை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்து, இருவரும் பெரியதாழைப் பக்கம் நடந்தார்கள். மணல்மேடுகள் முடிந்து முள்ளடர்ந்த உடைமரங்கள் தொடங்கிய இடத்தில் மரகதவல்லிக்குச் சுருக்கென்றது.

"பிலோமி, நில்லு. இடது குதிகால்ல முள்ளு."

"அப்படியா? எனக்கு ஒண்ணுந் தெரியலியே."

"ஆழமா ஏறியிருக்கு. உக்காந்து பாரு."

பிலோமி உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். மணல் ஒட்டிய தோலில் எதுவும் தெரியவில்லை. விரலால் தடவினாள். "இங்கனயாக்கா?" "இல்ல, இன்னும் வெளிப்பக்கம். ஆ! அங்கதான்." ஒருத்தியின் வலியை இன்னொருத்தி வழிகாட்ட, முள் வெளியே வந்தது. முழு நீள உடைமுள்.

"இவ்வளவு பெருசு. இது உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

பிலோமி தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் சரிபாதியா உணருவோம்னுதான் கம்பெனியில சொல்லுவாங்க. அப்படியில்லக்கா. ஒரு குழாய்த் தண்ணியத்தானே ரெண்டாப் பிரிக்காங்க? அந்தப் பக்கம் நல்லா வரணும்னா இந்தப் பக்கம் குறைச்சுத்தானே ஆகணும். எனக்கு நடக்கறது தெரியும், தரை இருக்கறது தெரியும். வலிதான் அவ்வளவா நிக்காது. சாயங்காலம் கால் கழுவும்போது ரத்தத்தப் பாத்து, ஓ, இங்க கிழிச்சிருக்குன்னு தெரிஞ்சுக்கிடுவேன்."

"பட்டையைக் கழட்டினா சரியாயிருமா?"

"மொதல்லல்லாம் ஒடனே சரியாயிரும். இப்பம் விடிய வேண்டியிருக்கு. போன மழைக்குப் பொறவு சுடுதண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கு." அதை ஏதோ வானிலை சொல்வதுபோல் சொன்னாள். "இதக் கம்பெனியில சொல்லிராதீங்க. ஒடம்புல ஏதாச்சும் கோளாறுன்னு காதுல விழுந்தாப் போதும், நடையைப் பாதியில நிறுத்திருவாங்க. என் பேரையும் எடுத்துருவாங்க."

மரகதவல்லி சொல்லமாட்டேன் என்றாள். பிலோமி எழுந்து நடந்தாள். இனி அந்தக் காலுக்குத் தானே பொறுப்பு என்று மரகதவல்லிக்குத் தோன்றியது. கல் வருகிறது என்று அவள் சொல்ல, பிலோமி ஒதுங்கினாள். தாகமாயிருக்கிறது, தோல் எரிகிறது, முக்காடு போட்டுக்கொள் என்றாள். அதுவரை தன் உடம்பைத் தரை துடைக்கிற துணிபோல் வைத்திருந்த பிலோமி, "எங்க அம்மாகூட இப்படி நச்சரிக்க மாட்டா," என்று சிரித்தாள்.

அப்படிக் கவனமாக அந்த உடம்பைக் கேட்கத் தொடங்கியபோதுதான் மரகதவல்லிக்கு அது தெரிந்தது.

மார்பு கனத்திருந்தது. ரவிக்கை உராய்ந்தாலே கூசியது. அடிவயிற்றில், வெகு ஆழத்தில், யாரோ உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டிருப்பதுபோல் ஒரு நிறைவு. நடையின் களைப்பு அல்ல அது. பல வருஷங்களுக்கு முன், தன் சொந்த உடம்பில், ஒரே ஒரு முறை அவள் அதை அறிந்திருந்தாள். அப்போது சில வாரங்கள்தான். பிறகு ஒரு நாள் தயாளன் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதற்கப்புறம் அவர்களுக்கு எதுவும் வாய்க்கவில்லை.

"பிலோமி," என்று கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

சொன்னால் பிலோமி நின்றுவிடுவாள். நிற்கத்தான் வேண்டும். நடை முடிந்துவிடும், பட்டை கழன்றுவிடும், இதுவும் போய்விடும். தவிர, தனக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும்? வெறும் பிரமையாக இருக்கலாம். கன்னியாகுமரி போனதும் சொல்லிக்கொள்ளலாம்.

"கடல் இப்ப என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"வெள்ளி மாரி மினுங்குதுக்கா."

அன்று பிற்பகல் முழுவதும் மரகதவல்லி கண்ணைத் திறக்கவே இல்லை. வெள்ளிக் கடலின் ஓரமாக, வயிற்றில் ஒரு உயிரோடு, அவசரமில்லாமல் நடந்தாள். கண்ணுக்குள் இருந்த கரையில் இப்போது ஊர்கள் இல்லை. மணல் இருந்தது, ஒளி இருந்தது. நண்டுகள் வளைக்குள் ஓடின. அலை வரும்போதெல்லாம் அவள் உள்ளே இருக்கும் உயிரிடம் அதைச் சொன்னாள். தயாளன் வந்து வாயில் கஞ்சி ஊட்டினார். அவள் எதையோ நினைத்துச் சிரிப்பதைப் பார்த்து, காரணம் கேட்காமல் அவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை உவரியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது வலி தொடங்கியது.

முதலில் வலது அடிவயிற்றில் ஒரு இழுப்பு. வந்தது, போயிற்று. சூட்டு வலி என்று மரகதவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிலோமி, தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சட்டை பற்றாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். வலி மறுபடி வந்தது, இந்த முறை போகவில்லை. மரகதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டாள். வெயில் ஏறியது. கத்தியை வைத்துத் திருகுவதுபோல் இருந்தது. அவள் கதைக்கு உம் கொட்டினாள். இன்னும் கொஞ்ச தூரம், இந்த வளைவு வரைக்கும், அந்தக் கோயில் தெரியும் வரைக்கும் என்று மனசுக்குள் தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள்.

கட்டிலருகே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தயாளன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"மரகதம், கண்ணைத் திற."

"ஒண்ணுமில்லீங்க. நடக்கறோம்."

"இந்த மூஞ்சியை நான் ஒரு தடவை பார்த்திருக்கேன்." அவர் அவள் பக்கம் குனிந்தார். "ஆட்டோவுல. என் மடியில. அன்னைக்கும் நீ ஒண்ணுமில்லன்னுதான் சொன்னே."

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, சம்பந்தமே இல்லாமல், வலது தோள்பட்டையின் நுனியில் இன்னொரு வலி குத்தியது. அதையும் அவள் அறிவாள். உள்ளே கிழிந்து ரத்தம் கசியும்போது தோள் வலிக்கும் என்று அன்றைக்கு டாக்டர் சொல்லியிருந்தார்.

"பிலோமி, உக்காரு. அப்படியே உக்காரு."

"ஏங்க்கா? மறுபடி முள்ளா?"

"நீ மாசமா இருக்கே. கரு தங்கவேண்டிய இடத்துல தங்கலை. கருக்குழாயிலயே தங்கி அது வெடிச்சிருச்சு. உள்ள ரத்தம் போகுது. எனக்கு இது வந்திருக்கு, எனக்குத் தெரியும். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பிலோமி மணலில் உட்கார்ந்தது தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே செய்யலியேக்கா," என்றாள் பிலோமி. சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "லேசாக் கண்ணு இருட்டுது. வெயில்னுல்லா நெனச்சேன்."

"பக்கத்துல யாரு இருக்கா? கூப்பிடு."

ஊருக்குள்ளிருந்து மண்பாதை வழியாக மீன் ஏற்ற வந்த ஒரு வேன் உவரிக் கரைக்கு மேலே மேட்டில் நின்றிருந்தது. பிலோமி கையசைத்தாள். ஓட்டுநரும் அவர் மனைவியும் ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டு போய் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்தார்கள். தயாளன் ஒரு போனில் திசையன்விளை ஆஸ்பத்திரிக்கும் இன்னொன்றில் கம்பெனிக்கும் பேசினார். கம்பெனியில் எடுத்த ஆள் சட்டென்று சொன்னான்: இணைப்பை உடனே துண்டிக்க வேண்டும், இரண்டு பக்கமும் பட்டையைக் கழற்றுங்கள்.

பிலோமிக்கும் அதே செய்தி போயிருக்கவேண்டும். "கழட்டச் சொல்லுதாங்கக்கா."

"கழட்டினா என்ன ஆகும்?"

"இப்ப ஒங்களுக்கு வாரதெல்லாம் எனக்கு வரும்."

வேன் குண்டும் குழியுமான மண்பாதையில் ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மரகதவல்லியின் கண்ணில் பொறி பறந்தது. "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கழட்டாதே," என்றாள். "போய்ச் சேர்ற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

"மரகதம், வேண்டாம்," என்றார் தயாளன். அவர் கை அவள் பிடரிப் பக்கம் போயிற்று. அவள் அவரைப் பார்த்தாள். கை அங்கேயே நின்று, பிறகு அவள் நெற்றியில் வந்து அமர்ந்தது. அவள் சொந்தமாக உணரக்கூடிய இடம் அதுதான்.

பிலோமியின் கைகால்கள் குளிர்ந்துகொண்டு வந்தன. மரகதவல்லி அவளோடு பேசிக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது? பனை. அப்புறம்? பனைதான். காத்தாலை சுத்துது. அப்புறம் சொல்லு, தூங்கக் கூடாது. மாப்பிள்ளைச் சட்டையை என்ன பண்ணினாங்க? பிலோமியின் பேச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு நிறைய சத்தங்கள், ஒரு தள்ளுவண்டி, யாரோ ஒரு பெண் "இது என்ன கழுத்துல?" என்று கேட்பது.

வலி நின்றது.

அறுத்துப் போட்டதுபோல் நின்றது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே வழக்கம்போல் ஒன்றும் இல்லை. மரகதவல்லி வாய்விட்டு அழுதாள். அவள் அழுகை ஓய நாள் பிடித்தது.

பிலோமி பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் முடியாது என்று டாக்டர் சொன்னதாகத் தயாளன் விசாரித்து வந்து சொன்னார். 'இன்னும் கொஞ்சம்' என்பதை மரகதவல்லி திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். கம்பெனி பிலோமியின் பெயரை எடுத்துவிட்டது. மரகதவல்லிக்கு வேறொரு ஆளை ஏற்பாடு செய்து மீதி நடையை முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அவள் பட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மழை தொடங்கிய ஒரு காலையில் பிலோமி மதுரைக்கு வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அன்றைக்குத்தான். மரகதவல்லி நினைத்திருந்ததைவிடப் பிலோமி குள்ளமாக இருந்தாள். உள்ளிருந்து நடந்து பார்த்தபோது நெடுநெடுவென்று உயர்ந்தவளாகத் தோன்றியிருந்தது.

தயாளன் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். பிலோமி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "ஆனா அதுக்கில்லக்கா. எங்க அம்மா அழுதா. அவரு கப்பல்லேருந்து போன்ல அழுதாரு. எல்லாரும் எங்கிட்ட வந்து துக்கம் கேக்காங்க. எனக்குத்தான் ஒண்ணுமே வரல. மயக்கம் தெளிஞ்சு பாக்கேன், வயித்துல தையல் இருக்கு. பிள்ள இருந்துச்சு, போயிருச்சுன்னு சொல்லுதாங்க. இருந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. பக்கத்து வீட்டுல நடந்த மாரி இருக்கு." டம்ளரைக் கீழே வைத்தாள். "அது ஒங்ககிட்டல்லா இருக்கு. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

மரகதவல்லி தலையைப் பிலோமி பக்கம் திருப்பினாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. வலி வர்றதுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். நீ மாசமா இருக்கேன்னு தெரியும். சொன்னா நீ நடக்கறத நிறுத்திருவே. எனக்கு நிறுத்த மனசு வரலை. மறுநாள் வலி வந்தப்பவும் காலையில இருந்து வாயை மூடிக்கிட்டு வந்தேன். அவர் பார்த்துச் சொல்லலைன்னா இன்னும் எவ்வளவு தூரம் உன்ன நடக்க வச்சிருப்பேனோ. என்னை நீ என்ன வேணா சொல்லலாம்."

 வெளியே மழை வலுத்தது. பிலோமி எழுந்து போய்விடுவாள் என்று மரகதவல்லி நினைத்தாள். எழுந்தாள்தான். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், தலைமாட்டுக்கு அருகில், இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"முந்தின நாளு," என்றாள். "அது இருக்குன்னு தெரிஞ்சப்பம், சந்தோசமா இருந்துச்சா?"

மரகதவல்லி ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

"அப்பம் வலிய விடுங்க. அதப் பொறவு கேக்கேன். மொதல்ல இதச் சொல்லுங்க."

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ முள்ளை எடுத்துப் போட்டுட்டு எந்திரிச்சே," என்று தொடங்கினாள். "ஈரமணல்ல இறங்கி நடந்தே. மார்பு கொஞ்சம் கூசிச்சு. அடிவயித்துல ஒரு கதகதப்பு. ரொம்பச் சின்னது. இன்னும் ஒண்ணும் ஆகலை, ஆனா இருந்துச்சு. நீ ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது உன்கூடவே வந்துச்சு. நான் அதுகிட்ட, இது அலை, இது நண்டுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். உனக்குள்ள அது ரொம்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு, பிலோமி. ஒரு நாள் பூரா நிம்மதியா இருந்துச்சு."

பக்கத்தில் மூச்சு உடைகிற சத்தம் கேட்டது. மரகதவல்லி கண்ணைத் திறக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. வெயில் எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம் வீசியது, எந்த இடத்தில் பிலோமி ஒரு காரணமும் இல்லாமல் இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.